கல்யாண உறைகளில் காயாத மை

போன வருடத்துக்கு முந்திய வருடம், சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் என் மாமியார் வீட்டு ஹால். வைகாசியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். அச்சகத்திலிருந்து வந்த அழைப்பிதழ்ப் பெட்டிகள் சாப்பாட்டு மேசையில் அடுக்கியிருந்தன. தூரத்து ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ஆனால் தட்டோடு நேரில் போய் வைக்க வேண்டிய கார்டுகள் மட்டும் இருநூறு. அந்த இருநூறு உறைகளிலும் கையால் பெயர் எழுத வேண்டும். யார் எழுதுவது என்ற இடத்தில்தான் நான் சறுக்கி விழுந்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பது ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவ். வேலை பாசிர் கூடாங்கில், ஓர் எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எங்கள் மேலாளர் ஒரு தடித்த நோட்டில் எல்லாவற்றையும் கையால் எழுதி வைக்கச் சொல்வார். கம்பெனி கொடுத்த பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதிக் கட்டைவிரல் வீங்கிப்போன ஒரு நாள், தைலம் வாங்கலாம் என்று கடைத்தொகுதிக்குப் போனேன். தைலத்தை மறந்துவிட்டு, பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ஒரு மலிவான மைப்பேனாவை வாங்கிக்கொண்டு வந்தேன். தாளில் வைத்தாலே எழுதியது, அழுத்தவே வேண்டியதில்லை. அன்று பிடித்த பைத்தியம் பத்து வருடம் தாண்டியும் தெளியவில்லை.

இந்தப் பைத்தியத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுத் தெரிந்ததுதான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அகலமான நிப்பைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். அதை நம்பி ஒன்று வாங்கித் தமிழ் எழுதினால், 'ண'வும் 'இ'யும் சுழி அடைத்துக் கறுப்புப் பொட்டாக நின்றன. தமிழுக்கு மெல்லிய நிப்தான் சரி என்று அப்போது புரிந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், நல்ல தாள்களை பிஸ்கட் டின்னில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கூடவே வைத்து மூடுவேன். மையிலும் இரண்டு வகை உண்டு. சாய மை பார்க்க அழகாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஓடிப்போகும். இன்னொன்று, நுண்ணிய நிறத்தூள் கலந்த மை. அது பார்க்க மங்கல். ஆனால் காய்ந்துவிட்டால் மழையில் நனைந்தாலும் அசையாது. கல்யாண உறைகளுக்கு நான் எப்போதும் அந்த மங்கலான கருநீலத்தைத்தான் போடுவேன்.

எப்போதும் என்றால், நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனதிலிருந்து. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல் என்று எது வந்தாலும் உறை எழுதுவது நான்தான். பெரியவள் எழுதினால் அச்சு மாதிரி இருக்கும் என்று உறவில் பத்துப் பேர் சொல்வார்கள். என் சமையலைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் நிறத்தைப் பற்றியோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோகூடச் சொன்னதில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

ஐந்து வருடங்களுக்கு முன் என் கணவரின் தம்பிக்குக் கல்யாணமாகி, எனக்கு ஓர் ஓரகத்தி வந்தாள். அவர்களும் ஜொகூர் பாருவில்தான் இருக்கிறார்கள். அவளுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் எழுந்து பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு வருகிற பிழைப்பு. முதல் முறை என் வீட்டுக்கு அவள் வந்தது, நான் பேனாக்களையெல்லாம் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேசை நிறைய டிஷ்யூ தாள், அதன்மேல் மூடி தனியாக, நிப் தனியாக, குழாய் தனியாக.

"என்னக்கா, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு?" என்று சிரித்தாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. மை நிரப்புவது எப்படி, பேனாவை எந்தச் சாய்வில் பிடிப்பது, வாரம் ஒரு தரம் எப்படிக் கழுவுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பேனாவை இரவலாகவும் கொடுத்தேன். இந்த வீட்டில் என் பைத்தியம் புரிந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டாள் என்று அந்த ஒரு வருடம் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வருடம் அவள் தங்க நிப் வைத்த ஜப்பான் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பல முறை பார்த்துவிட்டுத் திரும்பிய அதே பேனா.

"எழுதிப் பாருங்கக்கா. நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

என் பெயரை எழுதினேன். நிப் ஓடிய விதத்தில் கையில் மயிர் சிலிர்த்தது. அப்படி ஒரு பேனாவை நான் தொட்டதே இல்லை. "கொஞ்சம் கனமா இருக்குல்ல?" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பாவம், அவள் அதை நம்பி, கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா என்று இரண்டு நாள் எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். நானோ அந்த இரண்டு நாளும் என் பேனாக்களில் எதையும் கையால் தொடவில்லை. எல்லாம் திடீரென்று பிளாஸ்டிக்காகத் தெரிந்தன.

பேனாவோடு நின்றிருந்தால் சிங்கப்பூர் சம்பளம், வாங்குகிறாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கையெழுத்தும் வந்துவிட்டது அவளுக்கு. நான் வருடக்கணக்கில் பழகிய வளைவு, அவளுக்குச் சில மாதத்தில் படிந்தது. தீபாவளிக்கு மெல்லிய ஜப்பான் தாளில் மாமியாருக்கு ஒரு வாழ்த்து எழுதிக் கொடுத்தாள். மாமியார் அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். நான் எழுதியது எதையாவது இந்த வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கிறார்களா என்று அன்று சுவர் சுவராகத் தேடினேன். மாட்டியிருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்குமா? இருந்தும் தேடினேன்.

இத்தனைக்கும் அவள் எந்தப் புது மை வாங்கினாலும் முதலில் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புவாள். "அக்கா, இது சரியா வருமா?" என்று கேட்பாள். நான் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பதில் போடுவேன். அந்த அற்ப சந்தோஷத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்தச் சித்திரை ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் கருநீல மையும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டுதான் தெப்ராவிலிருந்து கிளம்பினேன். பத்து பாகாட் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு மேசைக்கு வரும்போது மாமியார் சொன்னார்.

"இந்தத் தடவை கார்டு சின்னவ எழுதட்டும்மா. நீ விட்டுடு."

"சரி அத்தை" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. கைப்பையில் இருந்த மைப்புட்டியை ஒரு கையால் இன்னும் உள்ளே தள்ளினேன், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

ஓரகத்தி தன் தங்க நிப் பேனாவை எடுத்தாள். பிறகு ஒரு புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். மயில் கழுத்து நிறம். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாது. வெளிச்சம் பட்டால் மேலே செம்பு போல ஒரு சிவப்பு மினுமினுப்பு. நாத்தனார் "வாவ், அண்ணி!" என்று கத்தினாள். கல்யாணப் பெண்ணுக்கே பிடித்துவிட்டது, இனி என்ன.

அந்த மை என் அலமாரியிலும் இருந்தது. அதன் குணம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்த மினுமினுப்பு வருவதே, சாயம் தாளுக்குள் இறங்காமல் மேலேயே கெட்டியாக உட்கார்ந்திருப்பதால்தான். வழவழப்பான தாள் என்றால் கேட்கவே வேண்டாம். என் அக்கா மகளுக்குப் பிறந்தநாள் அட்டை ஒன்றில் அந்த மையால் எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் விரல் நீலமானது. பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும். ஈரக்கை பட்டால் அவ்வளவுதான். நாத்தனாரின் கல்யாண உறைகளோ முத்துப் போல மினுங்கும் வழவழத்த தாள். அதன்மேல் நாலு மூலையிலும் நனைத்த மஞ்சள் வேறு வைப்பார்கள்.

ஓரகத்தி ஓர் உறையையும் புட்டியையும் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இந்தக் கவர்ல இந்த இங்க் சரியா வருமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உறையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விரலால் தடவி, பெரிய நிபுணரைப் போல ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

"நல்லா வரும். எழுதும்மா."

அவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் திட்டவில்லை, எதையும் தட்டிவிடவில்லை. அவளே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மனதுக்குள் ஒரு நியாயமும் தயாராக இருந்தது. அவள் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயரும் நகை மாதிரி மின்னியது. ஆளாளுக்குப் போனில் படம் எடுத்தார்கள். நான் சமையலறைக்குப் போய் ராத்திரி சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு நல்ல காரணம் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து மாமியார் போன் செய்தார். வருகிற ஞாயிறு கார்டு வைக்கக் கிளம்ப வேண்டும், நானும் என் கணவரும்தான் கூட வர வேண்டும் என்றார்.

"அப்பா இல்லாத பிள்ளை கல்யாணம். பெரிய அண்ணனும் அண்ணியும்தான் முன்ன நிக்கணும். தட்டு உன் கையிலதான் இருக்கணும். அதான் எழுதுற வேலையை உன் தலையில கட்டல. நீயும் வேலைக்குப் போறவ, எத்தனைதான் செய்வ?"

எனக்குக் காது சூடானது. அந்த ஒரு வாரத்தில் நான் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். ஓரகத்திக்கு மெசேஜ் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். என்னவென்று சொல்வது? நல்லா வரும் என்று சொன்னது நான்தானே. ஒருவேளை இந்த உறையில் காய்ந்தாலும் காய்ந்திருக்கும் என்று ஆசைப்பட்டேன். அது ஆசை இல்லை, கோழைத்தனம். பொறாமையில் சொன்ன பொய்யை விட, அந்த ஒரு வாரம் பேசாமல் இருந்ததுதான் எனக்கு இன்றும் அதிகமாக வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் கார்டைக் கோயிலில் வைத்தோம். உறையில் பெயர் எழுதாத கார்டு அது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, என் மாமனாரின் அண்ணன் வீடு. மாமனார் இல்லாததால் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் மணவறையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அப்போதுதான் இருதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் பெரியம்மா பாதியாக இளைத்துப் போயிருந்தார்.

நாங்கள் போனபோது அவர் சமையலறையிலிருந்து கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். நான் தட்டை நீட்டினேன். கார்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். பிறகு உறையிலிருந்து அழைப்பிதழை உருவப் போனவர், தன் கட்டைவிரலைப் பார்த்தார். மயில் கழுத்து நிறம். உறையைப் பார்த்தார். பெரியப்பாவின் பெயர் இருந்த இடத்தில் நீளமாக ஓர் இழுப்பு. இனிஷியல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"என்னம்மா இது? அவரு பேரே அழிஞ்சு போச்சு" என்றார்.

நாற்காலியில் இருந்த பெரியப்பா சிரித்தார். "அலமாக், ஆபரேஷன்ல தப்பிச்சு வந்தவனைக் கார்டுல அழிச்சுட்டீங்களா?"

"வாயைக் கழுவுங்க" என்று பெரியம்மா அவரை அதட்டினார். கார்டை மறுபடியும் தட்டிலேயே வைத்து, என் பக்கம் மெல்லத் தள்ளினார். "கோவிச்சுக்காதம்மா. இதை நான் சாமி மேசையில வைக்க முடியாது. வேற எழுதிக் கொண்டா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மாள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அவர் கண் முன்னால் அந்தப் பெயரை அழித்தது மை இல்லை. தட்டு சாய்ந்து வெற்றிலை இரண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

காருக்கு வந்ததும் மாமியார் பையைத் திறந்து மற்ற உறைகளைப் பார்த்தார். மஞ்சளின் ஈரமும் பையின் புழுக்கமும் சேர்ந்து, ஒரு உறையின் பெயர் அடுத்த உறையின் முதுகில் ஒட்டியிருந்தது. ஒன்றுகூடத் தேறாது. அங்கேயே ஓரகத்திக்குப் போன் போட்டார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"காசு கொடுத்துப் பேனா வாங்கிட்டா போதுமா? ஒரு பேரு ஒழுங்கா எழுதத் தெரிய வேணாம்? உங்க அக்காவும்தான் இத்தனை வருஷம் எழுதுனா, ஒரு எழுத்து கலைஞ்சுச்சா?"

இந்த வசனத்தை இப்படியே ஒரு வருடமாக நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன், தெரியுமா? அத்தை வாயால் ஒரு நாள் வர வேண்டும் என்று. வந்தது. கேட்கச் சகிக்கவில்லை. அடுத்து ஓரகத்தி என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். 'அக்காகிட்ட கேட்டுட்டுத்தானே எழுதுனேன்' என்பாள். அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

"தப்பு என்னுதுதான் அத்தை. காஞ்சுச்சான்னு நான் சரியாப் பார்க்கல. ஒரு வாரம் குடுங்க, எல்லாத்தையும் மாத்தி எழுதிக் குடுத்துடறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். என் பெயரே வரவில்லை. பின் சீட்டில் நான் இருப்பது அவளுக்குத் தெரியும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆயர் ஹீத்தாம் தாண்டிய பிறகுதான் என் கணவர், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள், நானும் எடுத்தேன். அதே முத்து உறை அச்சகத்தில் இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு தாள் கடைக்குப் போனோம். ஒவ்வொரு மாதிரி உறையிலும் ஒரு கோடு போட்டு, வாயில் விரலை வைத்து நனைத்து, கோட்டின் மேல் தேய்த்துப் பார்த்தோம். கடைக்காரச் சீனர் மேசைக்குப் பின்னால் நின்று எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கடைசியில், மினுக்கமே இல்லாத, கொஞ்சம் சொரசொரப்பான சந்தன நிற உறை ஒன்றில் கோடு அப்படியே நின்றது. அதையே வாங்கிக்கொண்டு தெப்ராவில் என் வீட்டுக்கு வந்தோம்.

என் கருநீல மையின் தூள் அடைத்துக்கொள்ளும், அவள் தங்க நிப்பில் போட வேண்டாம் என்று சொல்லி, என் இரண்டாவது பேனாவைக் கொடுத்தேன். பட்டியலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம். ஐம்பது உறை போயிருக்கும். தலையை நிமிர்த்தாமலே அவள் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. வீட்டுல ஒரு கவர்ல நான் முன்னாடியே எழுதிப் பார்த்தேன். மறுநாள் தொட்டா விரல்ல ஒட்டுச்சு. அதான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க நல்லா வரும்னு சொன்னீங்க. சரி, என் விரல்லதான் ஈரம் இருந்திருக்கும்னு விட்டுட்டேன்லா."

எனக்கு எழுத்து ஓடவில்லை. தன் விரலில் ஒட்டிய மையை அவள் நம்பவில்லை. என் வார்த்தையை நம்பினாள். என்னை விடப் பதிமூன்று வயது சின்னவள். எந்தப் புது மையையும் என்னைக் கேட்காமல் பிரிக்காதவள்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "அன்னிக்கே தெரியும். அதே இங்க் என்கிட்டயும் இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"பொறாமைதான். வேற என்ன."

"என் மேலயா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம் இருந்தது. தன் மேல் யாராவது பொறாமைப்பட முடியும் என்பதே அவளுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. பிறகு அது மெதுவாக அவள் முகத்தில் இறங்கியது. பேனாவை மூடி வைத்தாள். மறுபடி மூடியைத் திறந்து ஏழு உறை எழுதினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

"அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சொல்லணும்க்கா."

உரக்கப் பேசவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச இடமும் வைக்கவில்லை. அவள் எதிரிலேயே மாமியாருக்குப் போன் செய்தேன். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினாள், தெரிந்தே தப்பாகச் சொன்னேன், நான்தான் காரணம் என்று சொன்னேன்.

"கார்டு எத்தனை முடிஞ்சிருக்கு?" என்று கேட்டார் மாமியார்.

"அறுபது அத்தை."

"சரி. முடிச்சுட்டுச் சாப்பிடுங்க ரெண்டு பேரும்."

அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வீட்டுக்குப் புது உறையோடு போனோம். இந்த முறை ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா உறையை வாங்கியதும் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தரம் தேய்த்தார். விரலைப் பார்த்தார். இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தார். பிறகுதான் கொண்டுபோய்ச் சாமி மேசையில் வைத்தார். வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெரியப்பா மணவறையில் ஒன்றரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவை விடப் பெரிய மூச்சாக நான் விட்டேன்.

எனக்கும் ஓரகத்திக்கும் நடுவில் சண்டை எதுவும் வரவில்லை. அவள் இன்றும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்குக் காய்ச்சல் என்றால் வேலை முடிந்து வருகிற வழியில் கஞ்சி வாங்கிக்கொண்டு வருகிறாள். தங்க நிப் பேனாவைக் கேட்டால் கொடுக்கிறாள். கனமெல்லாம் ஒன்றும் இல்லை, அருமையான பேனா என்று அவளிடமே சொல்லிவிட்டேன். சிரித்தாள்.

ஒன்றே ஒன்றுதான் நின்றுபோனது. மையைப் பற்றி அவள் என்னிடம் கேட்பதில்லை. கோபத்தில் நிறுத்தினாள் என்று நான் நினைக்கவில்லை. சூடு பட்ட விரல் அடுப்புப் பக்கம் போகாது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் நானாகப் போய், புதுசா என்ன வாங்கினே என்று கேட்டுப் பார்த்தேன். படம் காட்டுவாள். நன்றாக இருக்கிறது என்பேன். தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

போன மாதம் என் வீட்டில்தான் உட்கார்ந்து, சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் ஒரு புட்டியைப் பிரித்தாள். பக்கத்தில் அவள் போன் வெளிச்சமாகக் கிடந்தது. பேனா ஆர்வலர் குழு ஒன்றில், இந்த மை இந்தத் தாளில் சரியாக வருமா என்று கேட்டிருந்தாள். யாரோ ஒரு ஆள், எந்த ஊரோ, எந்த நாடோ தெரியாது, ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு அப்படியே நம்பி, பேனாவில் மையை நிரப்பத் தொடங்கினாள். அந்தக் கேள்விக்கு என்னிடமும் சரியான பதில் இருந்தது, இந்த முறை உண்மையான பதில். கேட்க ஆள் இல்லாமல் அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். எத்தனையோ பேனாவைப் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். ஆனால் முகம் தெரியாத அந்த ஆள் மேல் அன்றைக்கு வந்த பொறாமை போல எதுவும் என்னை எரித்ததில்லை, எனக்கு வேண்டியதுதான், எரியட்டும் என்றுதான் அதை அணைக்காமல் வைத்திருக்கிறேன்.